கண் படாமல் பாராட்டுவது

என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி, "கை நடுக்கம் எப்ப டாக்டர் நிக்கும்?" என்பதுதான். நடுக்கத்தைத் தவிர அந்த நோயில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்! நிற்காது, மாத்திரையில் குறையும் என்றார். குறையவும் செய்தது. காலையில் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் போனால் மனிதர் கோப்பியைச் சிந்தாமல் எடுத்துக் குடிப்பார். அட, இவ்வளவுதானா என்று நானும் நிம்மதியாகக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

கடை என்றால் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை. நான் முதலாளியம்மா இல்லை, சேலை எடுத்துப் போட்டுக் காட்டுகிறவள். எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும் தோளில் சேலையை விரித்துப் போட்டு, "அக்கா, இந்தக் கலரு உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு. அப்படியே மகாலெட்சுமி!" என்று சொல்லிவிடுவேன். கடையில் என் வாயில் தேன் ஒழுகும். வீட்டுக்கு வந்தால் அதே வாயில் மிளகாய். "ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது!" என்று படியேறும்போதே தொடங்கிவிடுவேன். அவர் கடலுக்கு அக்கரையில், பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில், இயந்திர இரைச்சலுக்கு நடுவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். என் சத்தம் அவருக்கு எந்த மூலைக்கு? திட்டுவதும் திட்டு வாங்குவதும் எங்கள் வீட்டில் சோறும் குழம்பும் மாதிரி. யாரும் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

நோய் மெல்ல வேறு வேலை காட்டத் தொடங்கியது. "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். கண்ணைச் சுருக்குவார், மேலே மின்விசிறியைப் பார்ப்பார், ஒன்றும் வராது. எனக்குப் பகீரென்றது. மறதி நோயும் சேர்ந்துகொண்டதோ, நாளைக்கு என்னையே யார் என்று கேட்பாரோ என்று பயந்தேன். ஒருநாள் பொறுமை போய், "இடியப்பமா தோசையா, அதையாவது சொல்லித் தொலைங்க!" என்றேன்.

"இடியப்பம்," என்றார் உடனே. "தேங்காப்பால் புளிச்சுப் போச்சு. பசார்ல அந்த ஆளுகிட்ட இனிமே வாங்காத."

அடப் பாவி மனுஷா என்று இருந்தது எனக்கு. டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். விஷயம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, தேடி வெளியே எடுப்பதுதான் இவருக்குக் கஷ்டம், ஒரு நுனியை எடுத்துக் கையில் கொடுத்தால் மீதியை அவரே இழுத்துக்கொள்வார் என்றார். அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் இரண்டு பதிலையும் சேர்த்தே கேட்கப் பழகிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் விழுந்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து பாத்ரூமுக்குப் போகத் திரும்பியிருக்கிறார். ஒரு காலை ஊன்றி வெடுக்கென்று திரும்புவது அவருடைய வாழ்நாள் பழக்கம். உடம்பு திரும்பிவிட்டது, பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. நான் கடையில் இருந்தேன். நான் வந்து பார்க்கும்போது நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தரையில் உட்கார்ந்தபடி, "ஒண்ணுமில்ல லா, கத்தாத," என்கிறார். கத்தாமல்? நான் கத்திய கத்தலில் எங்கள் அடுக்குமாடியில் மேல் வீடு கீழ் வீடு எல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எங்கள் ஒரே மகன் அதே அக்கரையில், புக்கிட் தெங்காவில் வேலை பார்க்கிறான். வீடும் அந்தப் பக்கம்தான். அன்று சாயங்காலமே பாலம் தாண்டி வந்துவிட்டான். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"அம்மா, கோவப்படாம கேளுங்க. எங்க வீட்டுப் பக்கத்துல வயசானவங்கள வச்சுப் பாத்துக்கிற ஹோம் ஒண்ணு இருக்கு. போயி பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. நம்மாளுங்களும் இருக்காங்க. வாராவாரம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்."

"உங்கப்பாவக் கொண்டுபோயி ஹோம்ல விடணுமா?"

"இன்னொரு வாட்டி விழுந்து இடுப்பு ஒடைஞ்சா என்னம்மா செய்வீங்க? நீங்க வேலைக்குப் போயிடுறீங்க. நானும் வேலை, உங்க மருமகளும் வேலை. அப்பாவத் தனியா விட முடியாதும்மா."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? அவன் சம்பளத்தில் அவன் குடும்பத்தைப் பார்ப்பானா, எங்களைப் பார்ப்பானா? நாங்கள் இருவரும் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்து கிடந்தது.

"நான் இங்கயே இருக்கேன்," என்றார். இந்த நோயில் குரலும் சின்னதாகிவிடும். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டோம். "இங்கயே இருக்கேன்டா," என்றார் மறுபடியும்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இவர் தானாக எழுந்து, பாத்ரூமுக்குப் போய், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் ஹோம் பேச்சை எடுக்க மாட்டேன் என்றான். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு கேட்டேன். தீபாவளி வியாபாரம் தொடங்குவதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லி லீவு கொடுத்தார். அதற்குள் இவர் கற்றுக்கொண்டாக வேண்டும்.

அரசாங்க மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். எழுந்திருப்பதையும் திரும்புவதையும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். முன்னால் நகர வேண்டும், பாதத்தைப் பின்னால் இழுக்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்து மூக்கை முன்னால் நீட்டி எழ வேண்டும், ஒரு மூச்சு நிற்க வேண்டும். பிறகு ஒரே இடத்தில் திரும்பாமல், நடந்து வளைந்து திரும்ப வேண்டும். இவர் மோட்டார் சைக்கிளில் பிறைக்குப் போய் வந்தவர் அல்லவா, நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "மோட்டர் மாதிரி வெட்டித் திரும்பாதீங்க, பஸ் மாதிரி அகலமா வளைங்க," என்றேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது.

எல்லாவற்றையும் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் கேட்டால் தேவாரம் மாதிரி கடகடவென்று ஒப்பிப்பார். எழுந்து நின்றாரோ, போச்சு! பழையபடி ஒரு காலை ஊன்றி வெடுக்கென்று திரும்புவார். நான் ஓடிப் போய்ப் பிடிப்பேன். "வாய் மட்டும் கிழியுது! இப்பத்தானே சொன்னீங்க? காதுல வாங்குறீங்களா இல்லயா?" என்று பிடிபிடியென்று பிடிப்பேன். அவர் இன்னும் விறைத்துப் போய் அப்படியே நிற்பார்.

அந்தப் பெண்ணின் முன்னாலேயே ஒருநாள் இப்படித் திட்டிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜாங்கான் மாரா, ஆண்ட்டி," என்றாள். கோபப்படாதீர்களாம். என்னைத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் உட்கார வைத்து மலாயில் பொறுமையாக விளக்கினாள். யோசிக்காமல் தானாகச் செய்கிற பழக்கங்களை மூளையில் ஒரு பகுதி கற்றுக்கொள்கிறது, இவருக்கு நோய் தாக்கியிருப்பது அந்தப் பகுதியைத்தான், அதனால் புதுப் பழக்கம் உடம்பில் ஏற வெகுநாள் பிடிக்கும் என்றாள். அதுவரை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, யோசித்து யோசித்துத்தான் செய்ய வேண்டும். நடக்கும்போது யாராவது பேசினால் அந்த யோசனை அறுந்துவிடும், கால் நின்றுவிடும். ஆகவே ஆண்ட்டி வாயைத் திறக்கவே கூடாது. செய்து முடித்ததும் அந்த நிமிஷமே பாராட்ட வேண்டும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் சிலருக்குத் திட்டு ஏறாது, நல்ல வார்த்தைதான் ஏறும், எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது, ஆனாலும் செய்து பாருங்கள் என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருப்பதே எனக்குப் பெரிய தண்டனை. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். பாராட்டுவதா? கட்டிய புருஷனை, நேருக்கு நேர், சத்தமாகவா?

எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கமே கிடையாது. மகன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்தபோது, "ம், பரவால்ல," என்றேன். பேரப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால், "ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?" என்றுதான் கேட்போம். அடுத்தவர் கண்ணைவிட வீட்டு ஆள் கண் இன்னும் மோசம். நன்றாக நடக்கிறார் என்று என் வாயால் சொல்லி, என் கண்ணே பட்டு, மறுநாள் அவர் இடுப்பை ஒடித்துக்கொண்டால்? இதை அந்த மலாய்ப் பெண்ணுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? சேலைக் கடையில் சொல்வது கணக்கிலேயே வராது. அது வியாபாரம்.

முதல் நாள் அவர் ஒழுங்காகத் திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்தார். "அடேங்கப்பா, பெரிய சாதனதான் போங்க!" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. மலாயில் சொல்லிவிட்டால் என்ன? கண்ணேறுக்கு மலாய் புரியாமல் போகலாம் இல்லையா? அவர் வந்து நின்றதும், "பாகூஸ்!" என்றேன். நல்லது என்று அர்த்தம்.

"என்னடி, கவர்மெண்ட் ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசுற?" என்றார்.

"நல்லா செஞ்சா நல்லதுன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றேன்."

"கடைக்கு வர்றவள எல்லாம் மகாலெட்சுமிங்கிற. எனக்குத் தமிழ்ல ஒரு வார்த்த வராதா?"

கேலியாகத்தான் சொன்னார். இந்த நோயில் முகமும் அசையாமல் போய்விடுகிறது; சிரிக்கிறாரா இல்லையா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது. அடுத்த தடவை அவர் போய்விட்டுத் திரும்பி வந்து, கெண்டைக்காலில் நாற்காலி படும்வரை பின்னால் நகர்ந்து, கைப்பிடியைப் பிடித்தார்.

"நல்லா செஞ்சீங்க," என்றேன். சொன்ன மாத்திரத்தில் பயம் வந்து, "தூ, தூ," என்று கண் கழித்துவிட்டு, "உக்காருங்க," என்றேன்.

"பாராட்டுறியா, துப்புறியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"ரெண்டும்தான்!" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தது முகத்திலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து எழுப்புவேன். சேலை முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு ஓரமாக நிற்பேன். அவர் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுவார், வளைவார், போவார், வருவார். கைப்பிடியைப் பிடித்ததும் நான் முந்தானையை எடுத்துவிட்டு, "நல்லா செஞ்சீங்க, தூ தூ, உக்காருங்க," என்று ஒரே மூச்சில் சொல்வேன். வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நாள் போகப் போக எனக்கே அந்த வார்த்தை கூச்சமில்லாமல் வந்தது. சில நாள் தடுமாறத்தான் செய்தார். நடுவழியில் தொலைபேசி அடித்தால் கால் அங்கேயே நின்றுவிடும். மாத்திரை தாமதமானால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. சோர்ந்து போய், "எனக்கு இனிமே எதுவும் ஏறாது, விட்டுடு," என்று சொன்ன நாளும் உண்டு. அன்றைக்கு நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

லீவு முடிகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்திக் கொடுத்தான். இவர் மாத்திரை போட்டுச் சுறுசுறுப்பான பிறகு, "அப்பா, நானும் அம்மாவும் கீழ போயிட்டு வர்றோம். நீங்க இருங்க," என்றான். அவருக்குத் தெரியாதா என்ன? "போங்க," என்றார். கம்பிக் கதவைச் சத்தமாகப் பூட்டிவிட்டு, கீழே இறங்காமல், நடைபாதைப் பக்கத்து அடுக்குக் கண்ணாடிச் சன்னலை ஒட்டி இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம்.

அவர் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். "முன்னால நகரு. காலப் பின்னால இழு." எழுந்துவிட்டார். ஒரு மூச்சு நின்றார். "பஸ் மாதிரி." வளைந்து திரும்பினார். பாத்ரூம் வாசற்படியில் கால் தயங்கியபோது என் உயிர் என்னிடம் இல்லை. படியைத் தாண்டி உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். நாற்காலிக்கு முன்னால் வளைந்து, பின்னால் நகர்ந்து, கெண்டைக்கால் பட்டதும் கைப்பிடியைப் பிடித்தார். மகன் என் தோளை இறுக்கிப் பிடித்தான்.

ஆனால் அவர் உட்காரவில்லை.

அப்படியே நின்றார். முழங்கால் லேசாக ஆடத் தொடங்கியது. ஏன் உட்காராமல் நிற்கிறார் என்று மகனுக்குப் புரியவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது, புரிந்ததும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஐயோ, உட்காருகிற வார்த்தை என்னுடையது! தினமும் நான் சொல்லித்தானே உட்கார்ந்தார்? நான் பாராட்டினால்தான் அவருக்கு அந்த வேலை முடியும். நான் இல்லாத வீட்டில் யார் சொல்வார்கள்? அவருக்கு நான் கற்றுக்கொடுத்ததே என் வாய்க்காகக் காத்திருக்கத்தானா? மகன், "அப்பா!" என்று கூப்பிட வாயைத் திறந்தான். அவன் வாயைப் பொத்தினேன். கூப்பிட்டால் எல்லாம் போயிற்று. கூப்பிடாவிட்டால் விழுந்துவிடுவாரோ!

அவர் கதவைப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. நான் வழக்கமாக நிற்கிற ஓரத்தைப் பார்த்தார்.

"நல்லா செஞ்சீங்க," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "தூ, தூ," என்றார். "உக்காருங்க."

மெதுவாக, இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தார்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினோம். மகன் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "யாருகிட்டப்பா பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டான். அவனுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது.

"யாருகிட்டயும் இல்லடா. உங்கம்மா வெளிய போயிட்டால்ல. அவ சொல்ல வேண்டியத நானே சொல்லிக்கிட்டேன்."

நான் பாத்ரூமுக்குள் ஓடவில்லை. அவர்கள் இருவருக்கும் முன்னால், நடு வீட்டில் நின்று ஓவென்று அழுதேன். மகன் ஹோமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் பாலம் தாண்டி ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அவர் என் அழுகை ஓயட்டும் என்று காத்திருந்தார். பிறகு, "லீவு எப்ப முடியுது?" என்று கேட்டார்.

"நாளைக்கு."

"அப்ப வேலைக்குப் போ," என்றார். "நான் இருந்துக்குவேன்."